வண்ணத்துப்பூச்சிகளைக் காண எப்போது போகலாம்?

கேள்வி: சென்ற மே மாதம் பிள்ளைகளை ஒரு வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்கு மாலை ஐந்து மணிக்கு அழைத்துச் சென்று, நாலைந்து பூச்சிகளை மட்டுமே கண்டு திரும்பினோம். அடுத்து, திருவரங்கம் பூங்காவுக்குப் போக எண்ணியுள்ளோம். எப்போது போவது நல்லது?
- வாசகி, கரூர்

பதில்: நீங்கள் போன நேரமும் மாதமும்தான் ஏமாற்றத்துக்குக் காரணம். வண்ணத்துப்பூச்சி பறப்பதற்கு வேண்டிய உடற்சூட்டைப் பெரும்பாலும் வெயிலிலிருந்தே பெறுகிறது என்பதால், காலையில் சிறகை விரித்துக் குளிர்காய்ந்த பிறகு கிளம்பி, வெயில் சாயும்போது இலைக்கடியில் அடங்கிவிடுகிறது. வடகிழக்குப் பருவமழையில் செடிகள் தளிர்த்தபின், மழை விட்டு வெயில் அடிக்கும் ஒரு நாளில், காலை ஒன்பது மணிக்கு மேல் நண்பகலுக்குள் போய்ப் பாருங்கள். அரங்கனைச் சேவிக்கும் எண்ணமும் இருந்தால், அதை மாலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, மேலூரில், காப்புக்காட்டை ஒட்டி 2015இல் திறக்கப்பட்ட அந்தப் பூங்கா சுமார் 25 ஏக்கர் பரப்புடையது. அங்கே பூக்களை மட்டும் பார்த்துவிட்டு வராமல், இலைகளையும் புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். எருக்கிலையில் வெந்தய வரியனின் புழுவும், கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் கறிவேப்பிலை அழகியின் புழுவும் வளரும். ஈஸ்வரமூலியைத் தின்று வளரும் சிவப்புடல் அழகி, அச்செடியின் நஞ்சைத் தன் உடலில் சேர்த்துவைப்பதால் பறவைகள் அதை ஒதுக்குகின்றன. நஞ்சே இல்லாத கறிவேப்பிலை அழகியின் பெண்களில் ஒரு வகை, அதன் கறுப்பு சிவப்புக் கோலத்தைப் பூண்டு தப்பிக்கிறது. இரண்டும் அருகருகே பறக்கும்போது உடலைக் கவனித்தால் பிள்ளைகளே வேறுபாட்டைக் கண்டுபிடிப்பார்கள்: சிவப்பு உடல் உள்ளதே அசல்.

கேள்வி: என் மகன் பூச்சியைப் பிடித்துப் பார்த்துவிட்டு உடனே விட்டுவிடுகிறான். இதனால் தீங்கு உண்டா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: உண்டு. விரலில் ஒட்டும் பொடி, சிறகின் நிறத்துக்குக் காரணமான நுண்செதில்கள்; உதிர்ந்தவை மீண்டும் முளைப்பதில்லை. பிடிக்காமலே நெருங்கிப் பார்க்க, ஈரமண்ணுக்கு அருகே அவனை உட்காரச் சொல்லுங்கள். உப்பை உறிஞ்ச அங்கே கூடும் பூச்சிகள், பெரும்பாலும் ஆண்கள், தம்மேல் நிழல் விழாதவரை நெடுநேரம் அசையாமல் இருக்கும்.