பிடிக்காத ஆளின் பெயரை முதலில் எழுதச் சொல்லுங்கள்

கேள்வி: ஒருவருக்குச் சுதந்திரம் பற்றியும் சுதந்திரமான சமூகம் பற்றியும் உண்மையான புரிதல் இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

நீங்கள் அநேகமாக ஆசிரியராக இருப்பீர்கள், அல்லது எங்காவது பயிற்சி வகுப்பு எடுப்பவராக இருப்பீர்கள். வினாத்தாள் தயாரிக்க உட்கார்ந்து, பத்துக் கேள்விக்கு மேல் ஓடாமல் இங்கே வந்து கேட்டிருக்கிறீர்கள். அப்படி இல்லையென்றால் மன்னிக்கவும். நான் அப்படி உட்கார்ந்தவன் என்பதால் எல்லோரையும் அப்படியே நினைத்துக்கொள்கிறேன்.

இருபத்திரண்டு வருடம் குடிமையியல் எடுத்தேன். ஒருமுறை பதினோராம் வகுப்புக்கு இந்தத் தலைப்பில் நானே ஒரு தேர்வு வைத்தேன். மனித உரிமைகளுக்கான உலகப் பிரகடனம் எந்த ஆண்டு (1948), கருத்துச் சுதந்திரம் அதில் எத்தனையாவது பிரிவு (19), ஜான் ஸ்டூவர்ட் மில் சுதந்திரம் பற்றிய தன் நூலை வெளியிட்ட ஆண்டு (1859), ஐசையா பெர்லின் 1958 சொற்பொழிவில் பிரித்துக் காட்டிய இரண்டு சுதந்திரங்கள் எவை, இப்படி இருபத்தைந்து மதிப்பெண். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் இருபதுக்கு மேல். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆசிரியர் அறையில் விடைத்தாள் கட்டைக் கொஞ்சம் உரக்கவே மேஜையில் போட்டேன் என்று நினைக்கிறேன்.

மறுநாள் அதே வகுப்பில் விவாதம். ஒரு பையன் எழுந்து, வகுப்பில் யாருக்குமே பிடிக்காத ஒரு கருத்தைச் சொல்ல ஆரம்பித்தான். என்ன கருத்து என்று சொல்ல மாட்டேன், சொன்னால் இந்தப் பதில் முழுக்க அதைப் பற்றியதாகிவிடும். இரண்டு வாக்கியம்தான் பேசியிருப்பான். முதல் பெஞ்சிலிருந்து, முந்தின நாள் பத்தொன்பதாம் பிரிவைக் கமா பிசகாமல் எழுதியிருந்த பெண் சொன்னாள்: “சார், அவனை உக்காரச் சொல்லுங்க சார்.” நான் என்ன செய்தேன் தெரியுமா? உட்காரச் சொன்னேன். நேரமில்லை என்று ஒரு காரணமும் சொன்னேன். மணி அடிக்க இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

இதில் புதுமை ஒன்றுமில்லை என்பது பிறகு படித்தபோதுதான் தெரிந்தது. அமெரிக்காவில் 1954இல் சாமுவேல் ஸ்டவ்ஃபர் என்ற சமூகவியலாளர் கிட்டத்தட்ட 5,000 பேரிடம் கேட்டுப் பார்த்திருக்கிறார். “சுதந்திரம் நல்லதா” என்று கேட்டால் யார் இல்லை என்பார்கள்? அதனால் அவர் குறிப்பாகக் கேட்டார்: ஒரு கம்யூனிஸ்ட் உங்கள் ஊரில் மேடையேறிப் பேசலாமா, கல்லூரியில் பாடம் நடத்தலாமா, அவர் எழுதிய புத்தகம் நூலகத்தில் இருக்கலாமா? நாத்திகரைப் பற்றியும் இதே கேள்விகள். கணிசமானவர்கள் கூடாது என்றார்கள். 1960இல் ப்ரோத்ரோ, கிரிக் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு இதைவிடச் சுருக்கென்று குத்தும். பெரும்பான்மை ஆட்சி, சிறுபான்மையின் உரிமை என்று பொதுவாகச் சொன்னபோது பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தலையாட்டினார்கள். அதே கொள்கையை ஓர் ஆளை வைத்து, ஒரு மேடையை வைத்துக் கேட்டபோது அந்த ஒற்றுமை காணாமல் போய்விட்டது.

ஸ்டவ்ஃபர் முறையிலும் ஓட்டை உண்டு. கம்யூனிஸ்டுகளைப் பிடிக்கும் ஒருவர் “பேசட்டும்” என்றால் அதில் என்ன பெருந்தன்மை? இதைச் சரிசெய்ய 1970களின் இறுதியில் வேறு மூன்று ஆய்வாளர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். உங்களுக்கு அறவே ஆகாத கூட்டம் எது என்று உங்களையே முதலில் சொல்லச் சொல்லி, அதன்பிறகு அவர்களைப் பற்றியே கேள்விகள். என்னைக் கேட்டால் உங்கள் கேள்விக்கு இதுதான் பதில், இதற்குமேல் படிக்காவிட்டாலும் பரவாயில்லை.

நான் அதைச் செய்து பார்த்தேன். தாளின் தலையில் ஒரு கோடு மட்டும். “உங்களுக்குக் கொஞ்சமும் சகிக்காத கூட்டத்தின் பெயரை எழுதுங்கள், மடித்துக்கொள்ளுங்கள், எனக்குக் காட்ட வேண்டாம்.” கீழே மூன்று கேள்வி: அவர்கள் கூட்டம் போடலாமா, அவர்கள் புத்தகம் நூலகத்தில் இருக்கலாமா, அவர்களில் ஒருவர் உங்களுக்கு ஆசிரியராக வரலாமா? எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு குரல்: “நீங்களும் எழுதுங்க சார்.” மாட்டிக்கொண்டேன். எழுதினேன். முதல் இரண்டுக்கும் ஆம் போட்டுவிட்டேன். மூன்றாவதில் பேனா நின்றுவிட்டது. அந்த ஆள் என் பெண்ணுக்குப் பாடம் எடுப்பதை நினைத்துப் பார்த்தேன். மேஜை மேல் பேனாவைத் தட்டிக்கொண்டே இருந்தேன், முன் பெஞ்சு முழுக்க என் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் எழுதாமலே மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். வகுப்பில் மூன்றுக்கும் ஆம் போட்டவர்களை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். அதில் அந்த முதல் பெஞ்சுப் பெண்ணும் ஒருத்தி, அது எப்படி என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

இப்போது கீழே சிலர் வருவார்கள், தெரியும். “அப்படியானால் கொலை செய்யத் தூண்டுபவனையும் பேச விடுவீர்களா?” ஐயா, நான் அதைச் சொல்லவில்லை. அடித்து நொறுக்கு என்று கூட்டத்தை ஏவிவிடுவது வேறு, எனக்குக் குமட்டும் கருத்தைச் சொல்வது வேறு. இன்னொருவர் தத்துவவாதி கார்ல் பாப்பரின் சகிப்பு முரணை, அதாவது சகிப்பில்லாதவர்களையும் எல்லையில்லாமல் சகித்தால் கடைசியில் சகிப்பே அழிந்துவிடும் என்ற வாதத்தை, கொண்டுவருவார். 1945இல் அவர் அதை எழுதிய அதே குறிப்பில், வாதத்தால் சமாளிக்க முடிகிறவரை அந்தப் பேச்சை அடக்குவது விவேகமல்ல என்றும் எழுதியிருக்கிறார். அந்த வரியையும் படித்துவிட்டு வரவும்.

கேள்வியின் வார்த்தையிலும் ஒரு கண் இருக்கட்டும். 1941இல் டொனால்ட் ரக் என்பவர் அமெரிக்கர்களிடம் ஒரே விஷயத்தை இரண்டு விதமாகக் கேட்டதை வெளியிட்டார். ஜனநாயகத்துக்கு எதிரான பேச்சை “அனுமதிக்கலாமா” என்றபோது 62 சதவீதம் பேர் கூடாது என்றார்கள். “தடை செய்ய வேண்டுமா” என்றபோது ஆம் என்றவர்கள் 46 சதவீதம்தான். தடை என்ற சொல்லைக் கேட்டாலே மனிதனுக்குக் கொஞ்சம் கூசுகிறது போல.

என் முதல் தாளைப் பற்றி இன்னொரு வெட்கக்கேடு. “நீ சொல்வதை ஏற்கவில்லை, ஆனால் அதைச் சொல்லும் உன் உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன்” என்றவர் யார் என்று ஒரு கேள்வி வைத்திருந்தேன். வால்டேர் என்றவர்களுக்கு முழு மதிப்பெண். அது வால்டேர் சொன்னதே அல்ல, அவருடைய மனப்போக்கை விளக்க ஈவ்லின் பீட்ரிஸ் ஹால் 1906இல் எழுதிய வாக்கியம் என்று ரொம்பப் பிந்தித்தான் தெரிந்துகொண்டேன். அந்த இடத்தை வெற்றாக விட்ட ஒரு பையனுக்கு முட்டை போட்டிருந்தேன்.

இரண்டாவது தாளோடு கதை முடிந்தது. யாரோ ஒரு பெற்றோர் புகார் சொல்ல, தலைமை ஆசிரியர் கூப்பிட்டார். “இது சிலபஸ்ல இருக்கா?” இல்லை என்றேன். தாள்களை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை, அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதைவிட எனக்கு எரிச்சல், அலுவலகத்தில் ஜெராக்ஸ் மெஷின் சும்மா நின்றது, ஆனால் ஆசிரியர்கள் தொடக் கூடாது. நோட்டில் கையெழுத்துப் போட்டு, காரணம் எழுதி, கிளார்க் சாப்பிட்டுவிட்டு வரும்வரை நிற்க வேண்டும். அவருடைய உறவினர் வீட்டு விசேஷப் பத்திரிகை மட்டும் அதில் நாள் முழுக்க ஓடும். இருபத்திரண்டு வருடம் நின்றேன்.

நீங்கள் இதை நடத்துவதாக இருந்தால் தாளை வெளியே ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே பெயர் எழுதிய பகுதியை மடிக்கச் சொல்ல மறக்காதீர்கள். உங்களுக்கும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள், யாராவது ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும்.