டிக்கி சிலை செதுக்க முதலில் என்ன வாங்கலாம்?

கேள்வி: ஃப்ளோரிடாவில் தம்பா பக்கம் இருக்கிறேன். கடற்கரை உணவகங்களில் நிற்கும் டிக்கி சிலை (பசிபிக் தீவுகளின் பாணியில் மரத்தில் செதுக்கும் மனித உருவம்) போல ஒன்றை நானே செதுக்க ஆசை. உளி பிடித்துப் பழக்கமில்லை. 12 உளி கொண்ட செட் 30 டாலருக்குக் கிடைக்கிறது. பனங்கட்டைக்கு ஒருவர் 100 டாலர் கேட்கிறார். இரண்டையும் வாங்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம்.

முதலில் உளி. அந்த விலைக்கு வரும் செட்டில் இரும்பு பெரும்பாலும் மென்மையாகத்தான் இருக்கும். பனை நாரில் மணல்போல் சிலிக்கா உண்டு. நல்ல உளியையே அது மழுக்கிவிடும். அதனால் தரமான உளி மூன்று போதும்: ஒரு அங்குல அகலத்தில் தட்டை உளி ஒன்று, வாய் வளைந்த உளி ஒன்று, கோடு இழுக்க 'வி' வடிவ உளி ஒன்று. வளைந்த உளியில் 7/20 என்று பொறித்திருந்தால் முதல் எண் வளைவையும் அடுத்தது மில்லிமீட்டரில் அகலத்தையும் குறிக்கும். 3 என்றால் ஏறக்குறைய தட்டை, 11 என்றால் ஆழமான குழிவு. உங்களுக்கு 7 அல்லது 8 சரியாக வரும். ஒன்றுக்கே 40 டாலருக்கு மேல் ஆகலாம், பரவாயில்லை. கூடவே ஒரு கொட்டாப்புளி (உளியைத் தட்டும் மரச்சுத்தியல்), தீட்டுக்கல், தீட்டிய முனையை மெருகேற்றத் தோல் பட்டை. தீட்டும் சாமானில் மட்டும் கஞ்சம் பிடிக்காதீர்கள். கைக்கிரைண்டரில் மாட்டும் சங்கிலிப் பல் தகட்டை யார் சிபாரிசு செய்தாலும் இப்போது வாங்க வேண்டாம். அது சட்டென்று எகிறி வெட்டும்.

கட்டைக்குக் காசே தேவையில்லை. மரம் வெட்டுகிறவர்களுக்கு அதைக் கொண்டுபோய்க் கொட்டவே செலவு. கேட்டால் சந்தோஷமாகத் தருவார்கள். ஆனால் ஏன் வெட்டினார்கள் என்று கேளுங்கள். அடித்தண்டில் தட்டுபோல் காளான் ஒட்டியிருந்தால் அது கனோடெர்மா அழுகல். தரையிலிருந்து நாலைந்து அடி உயரம்வரை உள்ளே பாழாகியிருக்கும். நம்மூர்த் தென்னையில் தஞ்சாவூர் வாடல் என்கிறோமே, அதே இனத்துப் பூஞ்சைதான். அந்தக் கட்டை வேண்டவே வேண்டாம்.

பனைக்கு வைரம் வெளியே, சோறு உள்ளே. ஆழமாகத் தோண்டினால் பஞ்சுபோல் நார் பிய்ந்து வரும். எனவே பருமனான கட்டையாகப் பார்த்து எடுங்கள், ஈரம் காயும் முன்பே செதுக்குங்கள். பசிபிக் கடலிலுள்ள மார்க்கெசாஸ் தீவுகளின் பழைய டிக்கிகளைப் படத்திலாவது பாருங்கள்: பெரிய வட்டக் கண், அகன்ற வாய், வயிற்றின் மேல் இரு கை. அந்த அமைப்பை அதிக ஆழமில்லாமலே கொண்டுவந்துவிடலாம் என்பதால் முதல் சிலைக்கு அதைத்தான் சொல்வேன்.

அப்புறம், வார்னிஷை இப்போதே வாங்கி வைக்காதீர்கள். செதுக்கியதை நிழலில் சில மாதம் காயவிட்டு, பிறகு வெயில் தாங்கும் ஸ்பார் வார்னிஷ் பூசுங்கள். ஈரத்தோடு பூசினால் உள்ளே பூஞ்சை பிடித்துவிடும்.

சிலையை உப்புத்தாளால் தேய்க்கும்போது தூசிக்கு முகமூடி கட்டாயம்.