ராடு வைத்து 4 மாதம், எக்ஸ்ரேயில் இன்னும் கோடு தெரிகிறது

உங்கள் அப்பச்சிக்கு உடைந்த கால் எலும்புக்குள் ராடு (உலோகக் கம்பி) வைத்து 4 மாதமாகியும் உடைந்த கோடு தெரிகிறதே, மறு ஆபரேஷன் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கோட்டுக்காக மட்டும் அதற்கு அவசரப்பட வேண்டாம். ராடு வைத்த, முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு ஒன்றுகூடுவதற்கு 4 முதல் 6 மாதம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். பொதுவாக 9 மாதம் தாண்டி, கடைசி 3 மாதமும் முன்னேற்றமே இல்லையென்றால்தான் 'கூடவில்லை' என்பார்கள்.

உங்கள் அப்பச்சி விஷயத்தில் எனக்கு முதல் சந்தேகம் அந்தச் சுருட்டுதான். "ஒரு நாளைக்கு நாலே நாலு" என்று சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள். புகை ரத்தக் குழாயைச் சுருக்கும். அவருக்கு உடைந்ததோ கணுக்காலுக்குச் சற்று மேலே, சதையும் ரத்த ஓட்டமும் குறைந்த இடம். சர்க்கரை வேறு இருக்கிறது. காரைக்குடியில் லேபில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையும் (HbA1c) வைட்டமின் டியும் பாருங்கள். ஆட்டுக்கால் சூப் கொடுங்கள், தப்பில்லை. சுருட்டுக்கு அது ஈடாகாது.

அப்புறம், ஆபரேஷன் அன்று எடுத்த படத்தையும் இப்போதையதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உடைந்த இடத்தைச் சுற்றிப் பஞ்சு மாதிரி வெள்ளை படர்ந்திருந்தால் புது எலும்பு வளர்கிறது. எவ்வளவு பாரம் ஊன்றலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள். ஈரமான ஆத்தங்குடிக் கல் தரையில் மட்டும் வாக்கரோடு விடாதீர்கள்.

சீழ், காய்ச்சல், கெண்டைக்கால் வீக்கம், திடீரென்று கூடும் வலி, இதில் ஒன்று வந்தாலும் மேலே சொன்ன பொறுமையெல்லாம் வேண்டாம். அன்றைக்கே போய்விடுங்கள்.