ஜீனியஸ் எல்லாம் மேதையா?

ஆசிரியருக்கு,

பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பியக் கட்டுரைகளை ஆங்கிலம் வழியாகத் தமிழாக்கி வருகிறேன். 'ஜீனியஸ்' வரும் இடமெல்லாம் 'மேதை' என்று போட்டேன். 'இம்மொழியின் மேதை', 'தீய மேதை' என்றெல்லாம் வந்து பல்லிளிக்கிறது. என்ன செய்யலாம்?

வாசகர், திருநெல்வேலி

அன்புள்ள நண்பருக்கு,

'மேதை' என்ற பொருள் அந்தச் சொல்லுக்கு வலுவாக ஒட்டிக்கொண்டதே பதினெட்டாம் நூற்றாண்டில்தான். ரோமானியருக்கு ஜீனியஸ் என்பது ஒவ்வோர் ஆணுக்கும் கூடவே பிறந்து காவல் நிற்கும் தெய்வம். பெண்ணுக்கு யூனோ. பிறந்தநாளன்று அதற்கு மதுவும் தூபமும் படைத்தார்கள். ஆங்கிலத்தில் அது ஒருவரின் பிறவி இயல்பு, நாட்டம் என்றெல்லாம் விரிந்து பிறகுதான் ஆளையே குறித்தது.

ஆகவே பக்கத்துச் சொற்களைப் பாருங்கள். 'தி ஜீனியஸ் ஆஃப்' என்று தொடங்கி மொழியோ தேசமோ வந்தால் 'தனித்தன்மை'. ஆள் பெயர் வந்தால் பெரும்பாலும் 'மேதைமை'. 'எ ஜீனியஸ் ஃபார்' என்றால் வெறும் சாமர்த்தியம்: 'பகை தேடிக்கொள்வதில் மன்னர்' என்று எழுதினால் கிண்டலும் தப்பாது. பன்மை 'ஜீனியை' என்றிருந்தால் தேவதைகள், 'ஜீனியஸஸ்' என்றிருந்தால் மனிதர்கள். உங்கள் 'தீய மேதை' பிரெஞ்சுத் தத்துவஞானி டெக்கார்ட் எழுத்தில் வருவது என்றால், 1641இல் அவர் கற்பனை செய்த, நம்மை ஏமாற்றும் துர்த்தேவதை அது. மேதைக்கு அங்கே வேலையே இல்லை.

சிக்கல் பிடித்த இடம் ஜெர்மன் தத்துவஞானி காண்ட். 1790இல் எழுதும்போது நியூட்டனை அவர் ஜீனியஸ் பட்டியலில் சேர்க்கவில்லை. நியூட்டன் தன் ஒவ்வொரு படியையும் பிறருக்குக் காட்டிவிட முடியும், அவர்களும் கற்றுப் பின்தொடரலாம். கிரேக்கக் கவி ஹோமரால் அது முடியாது என்பது காண்டின் வாதம். அதை 'நியூட்டன் மேதையல்ல' என்று தமிழில் எழுதினால் காண்டுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றே வாசகர் நினைப்பார். நம் 'மேதை' அறிவைச் சுட்டுவது. காண்ட் பேசுவது கற்பிக்க முடியாத கலைத்திறனை. 'வரகவி' நெருங்கி வருகிறது, ஆனால் ஓவியனுக்குப் பொருந்தாது. 'பிறவிப் படைப்பாற்றல்' என்று போடுவேன். சற்று நீளம்தான், பாதகமில்லை.

'ப்ராடிஜி' வந்தாலும் உஷார். பழைய நூல்களில் அது பெரும்பாலும் உற்பாதம், அதாவது கேட்டை முன்னறிவிக்கும் விபரீதக் குறி: வால்வெள்ளி, இரத்த மழை, இரட்டைத்தலைக் கன்று. அங்கே போய்க் 'குழந்தை மேதை' என்று எழுதிவிடாதீர்கள்.