நச்சு இல்லை என்பதால் லேமன்னி ஆகிவிடாது

ஜெர்மனியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “கண்காட்சியில் சிவப்பு-கறுப்புப் பட்டைத் தவளை ஒன்று வாங்கினேன். தொட்டியில் பிறந்த லேமன்னி இனத் தவளை என்றார்கள். தோல் சுரப்பைச் சோதித்து இனத்தை உறுதிசெய்ய, விற்றவரே ஓர் ஆய்வகத்தைக் கைகாட்டுகிறார். பணம் கட்டலாமா?”

கட்டாதீர்கள்.

1976இல் மையர்ஸ், டேலி என்ற ஆய்வாளர்கள் லேமன்னி என்ற இந்தக் கொலம்பியத் தவளையைத் தனி இனமாக விவரித்தார்கள். அதன் நெருங்கிய உறவான ஹிஸ்ட்ரியோனிக்காவின் தோலில் ஹிஸ்ட்ரியோனிக்கோடாக்சின் என்ற நச்சு இருந்தது, இதில் இல்லை. அதையும் ஓர் அடையாளமாகச் சொன்னார்கள். ஆனால் அவர்கள் பார்த்தது காட்டுத் தவளைகளை.

இத்தகைய நச்சுகளைத் தவளை தானாகத் தயாரிப்பதில்லை, தின்னும் எறும்பு, சிற்றுண்ணிகளிலிருந்து சேர்த்துக்கொள்கிறது என்பது பிற்பாடுதான் தெரிந்தது. கண்ணாடித் தொட்டியில் பழ ஈ தின்று வளர்ந்தது லேமன்னியோ, ஹிஸ்ட்ரியோனிக்காவோ, இரண்டும் கலந்ததோ, எதுவானாலும் “நச்சு இல்லை” என்றே அறிக்கை வரும். அதைக் காட்டி “பார்த்தீர்களா, லேமன்னியேதான்!” என்பார் உங்கள் வியாபாரி. காசு வாங்கிக்கொண்டு எல்லாருக்கும் ஒரே ஜாதகம் எழுதுவது போலத்தான்.

ஒருவேளை நச்சு இருப்பதாக அறிக்கை வந்தால்? அங்கேதான் கவனம் வேண்டும். காட்டில் பிடித்த நச்சுத் தவளைகள் தொட்டிக்கு வந்த பிறகும் ஆண்டுக்கணக்கில் நச்சை வைத்திருக்கும். ஆகவே “தொட்டியில் பிறந்தது” என்று விற்ற தவளையில் நச்சு இருந்தால் கடத்தல் சந்தேகம் வரத்தான் செய்யும். ஆனாலும் அது முடிவான சாட்சி அல்ல. ஆல்கலாய்டு (இந்த நச்சுகளின் வேதி வகை) தூவிய இரையைக் கொடுத்தாலே தோலில் ஏறிவிடும். பனாமாவில் காட்டுச் சருகுப் பூச்சிகளைப் போட்டு வளர்த்த தவளைகளிலும் ஏறியது. எனவே வியாபாரி என்ன தீனி போட்டார் என்று கேட்காமல் யாரையும் திருடன் என்று சொல்லிவிடாதீர்கள்.

மரபணுச் சோதனை? கலப்பினமாக இருந்தால் வழக்கமான சோதனை தாய்வழியை மட்டும்தான் காட்டும்.

அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் 2ஆம் இணைப்பில், அதாவது அனுமதித் தாள் இருந்தால்தான் எல்லை தாண்டலாம் என்ற பட்டியலில், இந்தத் தவளைகள் இருக்கின்றன. சரி, இருந்து என்ன? எல்லையில் தாளைத்தான் புரட்டுகிறார்கள், தவளையை யார் பார்க்கிறார்கள்? 2006இல் இந்தத் தவளைகள் டென்ட்ரோபேட்டஸ் என்ற பேரினத்திலிருந்து ஊஃபாகா என்ற பேரினத்துக்கு மாற்றப்பட்டன. பழைய தாளில் ஒரு பெயர், புதிய தாளில் வேறு பெயர். இடைத்தரகருக்கு இதைவிட வசதி வேண்டுமா?

நீங்கள் கேட்க வேண்டியது பெற்றோர்த் தவளைகளின் படம், அவற்றை வளர்த்தவர் யார் என்ற விவரம், கொலம்பியாவிலிருந்து சட்டப்படி வந்த வம்சம் என்றால் அந்த ஏற்றுமதி அனுமதியின் நகல். வியாபாரி இவற்றைத் தர மழுப்பினால் தவளையைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேளுங்கள்.