டிக்கெட் என் கார்டில், பணம் மூன்று மாதம் கழித்து: புது கேமராவைத் தவணையில் வாங்கலாமா?

கேள்வி: ஆறு வருடமாக ஃப்ரீலான்ஸ் புகைப்படக்காரராக இருக்கிறேன். திருமணம், கம்பெனி நிகழ்ச்சி, பத்திரிகைக்குப் பயணக் கட்டுரை, தொண்டு நிறுவனங்களுக்கு ஆவணப் படங்கள் என்று எது வந்தாலும் எடுப்பேன். மாதத்தில் பாதி நாள் வெளியூர்தான். வேலைக்குக் குறைவில்லை, ஆனால் கையில் காசு நிற்பதில்லை. டிக்கெட், ரூம் எல்லாம் என் கிரெடிட் கார்டில் போகிறது, பேமென்ட் வர இரண்டு மூன்று மாதம் ஆகிறது. கேமரா பாடியும் (லென்ஸ் நீங்கலான கேமரா) பழசாகிவிட்டது. தவணையில் புதிது வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கார்டில் பாக்கி நிற்கும்போது அதன் மேல் இன்னொரு தவணையையும் ஏற்றினால், வேலை இல்லாத ஒரு மாதம் வந்தாலே நீங்கள் திணறிப்போவீர்கள். கேமரா வேண்டாம் என்று சொல்லவில்லை, அது எப்போது, எந்தப் பணத்தில் என்பதுதான் விஷயம்.

நீங்கள் அனுப்பிய கணக்கில் கடைசிப் பயண அசைன்மென்ட்டை மட்டும் எடுத்துப் பார்த்தேன். ஷூட் 3 நாள், அதற்குத்தான் தொகை பேசியிருக்கிறீர்கள். போக ஒரு நாள், வர ஒரு நாள், திரும்பி வந்து ஆயிரக்கணக்கான படங்களில் நல்லதைப் பொறுக்கி, கலர் சரிசெய்து, ஒவ்வொன்றுக்கும் கேப்ஷன் எழுதி அனுப்ப 4 நாள். ஆக 9 நாள் உழைப்பு, 3 நாள் கூலி. ஒரு நாளைக்கு இவ்வளவு என்று நீங்கள் மனதில் வைத்திருக்கும் தொகையில் மூன்றில் ஒரு பங்குதான் உண்மையில் கைக்கு வருகிறது. ராத்திரி 2 மணிக்கு விமான நிலையத்திலிருந்து பிடித்த டாக்ஸியும், டிரைபாடுக்காகக் கட்டிய கூடுதல் லக்கேஜ் கட்டணமும் பில்லிலேயே இல்லை.

உங்கள் நான்கு வகை வேலைகளையும் இதே மாதிரி மொத்த நாட்களால் வகுத்துப் பார்த்தேன். திருமணம் முதலில் நிற்கிறது, பயணக் கட்டுரை கடைசியில். அதுதான் உங்களுக்கு உயிர் என்பது கடிதத்திலேயே தெரிகிறது, அதை விடச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் இனிமேல் தொகை பேசும்போது பயண நாளுக்கு ஒரு ரேட், எடிட்டிங் நாளுக்கு ஒரு ரேட் என்று தனித்தனியாக எழுதிக் கொடுங்கள். மொத்தமாக ஒரு தொகை சொன்னால் பேரம் பேசுவார்கள், பிரித்து எழுதினால் எதைக் குறைப்பது என்று அவர்களே யோசிக்க வேண்டியிருக்கும்.

அதைவிட முக்கியமானது படத்தின் உரிமை. 1947ல் ராபர்ட் காப்பா, ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் முதலான புகைப்படக்காரர்கள் மேக்னம் என்ற கூட்டுறவு நிறுவனத்தைத் தொடங்கியதே, காப்புரிமை பத்திரிகையிடம் போகாமல் எடுத்தவரிடமே இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில்தான். உரிமை கையில் இருந்தால் ஒரே பயணத்தில் எடுத்த படத்தை வேறு பத்திரிகைக்கும், புத்தகத்துக்கும், விளம்பரத்துக்கும் திரும்பத் திரும்பக் கொடுக்கலாம். உங்கள் கான்ட்ராக்ட் ஒன்றில் எல்லா உரிமையும் நிரந்தரமாக அவர்களுக்கே என்று ஒரு வரி இருக்கிறது, கவனித்தீர்களா? 9 நாள் உழைப்பை 3 நாள் கூலிக்குக் கொடுத்ததோடு, அந்தப் படங்கள் நாளைக்குச் சம்பாதிக்கக் கூடியதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டீர்கள். எங்கே வெளியிடலாம், எத்தனை வருடத்துக்கு என்று வரம்பு போடுங்கள். முழு உரிமையும்தான் வேண்டும் என்றால் அதற்குத் தனி விலை.

சரி, கார்டு விஷயம். கிளையன்டின் பயணத்துக்கு நீங்கள் வட்டியில்லாக் கடன் கொடுக்கிறீர்கள், அதே பணத்துக்கு வங்கி உங்களிடம் வட்டி வாங்குகிறது. பயணச் செலவு முழுவதும் முன்பணமாக வர வேண்டும், வேலைக்கான தொகையில் பாதி அட்வான்ஸ், மீதி படங்கள் கொடுத்த 30 நாளுக்குள். கடைசி நேரத்தில் ரத்து செய்தால் இவ்வளவு என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் கொடுக்கும் வழக்கமில்லை என்று சொல்பவர்களிடம், அப்படியானால் டிக்கெட்டையும் ரூமையும் நீங்களே போட்டுக்கொடுங்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் இதற்கு ஒத்துக்கொள்வார்கள், கேட்கத்தான் நமக்குத் தயக்கம்.

வருகிற பணம் எல்லாம் முதலில் ஒரு தொழில் கணக்கில் விழட்டும். வந்த அன்றே வரிக்கு உரியதை வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள், அதைத் தொடாதீர்கள். அப்புறம் கடந்த 24 மாத வரவை எழுதி, செலவு போக மிகக் குறைவாக நின்ற 6 மாதங்களின் சராசரியைப் பாருங்கள். உங்கள் மாதச் சம்பளம் அதுதான், நல்ல மாதத்திலும் அதேதான். சீசனில் மிஞ்சுவது சீசன் இல்லாத மாதத்துக்குச் சம்பளமாக அங்கேயே நிற்கும். கஷ்டமாக இருக்கும், முதல் நான்கைந்து மாதம் கையைக் கட்டிப் போட்டது போலத் தோன்றும்.

இப்போது கேமரா. உங்கள் கேமரா பாடியில் ஒவ்வொரு படத்துக்கும் திறந்து மூடும் ஷட்டர் 2,00,000 கிளிக் வரை தாங்கும் என்று கம்பெனி சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு திருமணத்துக்கு 3,000 கிளிக், வருடத்துக்கு 20 திருமணம் என்றால் 60,000. திருமணத்திலேயே மூன்று வருடம் நான்கு மாதத்தில் அதன் ஆயுள் தீர்கிறது, மற்ற வேலையைச் சேர்த்தால் இன்னும் சீக்கிரம். அதாவது ஒவ்வொரு திருமணமும் பாடியின் விலையில் நூற்றுக்கு ஒன்றரை பங்கைத் தின்கிறது. அந்த ஒன்றரையை ஒவ்வொரு பில்லிலும் சேர்த்து வாங்கித் தனியாக எடுத்து வைத்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. இன்றிலிருந்து வையுங்கள். புதுசுக்கான பணம் சேரும்வரை, பழைய பாடியில் ஷட்டரை மட்டும் மாற்ற என்ன ஆகும் என்று சர்வீஸ் சென்டரில் விசாரியுங்கள். பெரிய ஷூட்டுக்கு இரண்டாவது பாடியை வாடகைக்கு எடுத்து, வாடகையைக் கிளையன்ட் பில்லில் போடுங்கள். லென்ஸ்களை மட்டும் விற்றுவிடாதீர்கள், அவை பாடியைவிட நீண்ட நாள் உழைக்கும், மதிப்பும் மெதுவாகத்தான் இறங்கும்.

கருவிகளுக்கு இன்சூரன்ஸ் இருப்பதாகச் சொன்னீர்கள். பாலிசியில் தொழில் உபயோகம், வெளிநாடு, ஆளில்லாத காரிலிருந்து திருட்டு இந்த மூன்றும் சேருமா என்று படித்துப் பாருங்கள், வீட்டு இன்சூரன்ஸில் தொழில் கருவிகள் பல சமயம் சேராது. உங்கள் கைக்கும் முதுகுக்கும் காப்பீடு உண்டா? விழுந்து தோள் பிசகினால் மூன்று மாதம் வருமானம் இல்லை. அதனால்தான் கார்டு பாக்கியை முடித்த கையோடு ஆறு மாதச் செலவுக்கான தொகையைச் சேர்க்கச் சொல்கிறேன், கேமரா நிதி அதற்குப் பக்கத்திலேயே சிறிதாக ஓடட்டும்.

அடுத்த மாதப் பயணத்துக்கு இன்னும் டிக்கெட் போடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். போடாதீர்கள். முன்பணம் கேட்டு இன்றைக்கே அந்தப் பத்திரிகைக்கு மெயில் அனுப்புங்கள், என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.