மொடியுலர் பவர் சப்ளைக்கு அளவான கேபிள்: வன்னியிலிருந்து வந்த கேள்விகளும் என் பதில்களும்

கிளிநொச்சியில் சிறிய பெட்டிக் கணினிகள் பொருத்திக் கொடுப்பது என் தொழில். மொடியுலர் பவர் சப்ளைக்கு, அதாவது கேபிள்களைத் தனியாகக் கழற்றிப் பூட்டக்கூடிய வகைக்கு, அளவான கேபிள் செய்து ஸ்லீவ் போடுவது பற்றிப் பல ஊர்களில் இருந்தும் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

அறிவியல் நகர், பொறியியல் மாணவர்: அண்ணை, ஸ்லீவ் போட்டால் பெட்டிக்குள் சூடு குறையும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா, இல்லை அழகு மட்டும்தானா?

ஸ்லீவ் சூட்டைக் குறைக்காது, தம்பி. அது வயருக்கு மேலே போகும் பின்னல் உறை, அவ்வளவுதான். வித்தியாசம் காட்டுவது கேபிளின் நீளம். மினி ஐடிஎக்ஸ் என்ற சிறிய வகை மதர்போர்ட் 170 மில்லிமீற்றர் சதுரம். எஸ்எஃப்எக்ஸ் என்ற சிறிய வகைப் பவர் சப்ளை 125 மில்லிமீற்றர் அகலம், 63.5 உயரம், 100 நீளம். இந்த இரண்டும் முட்டிக்கொண்டு நிற்கிற பெட்டியில் மதர்போர்டுக்கான 24 பின் கேபிள் போகவேண்டிய தூரம் பல வேளைகளில் 15, 20 சென்ரிமீற்றர்தான். கூட வருகிற கேபிளோ 30 சென்ரிமீற்றர் இருக்கும். மிச்சத்தை எங்கே மடிப்பது? விசிறிக்கு முன்னால்தான் இடம் கிடைக்கும். சித்திரை மாதத்து மத்தியான வெக்கையில் அந்த மடிப்பு ஒரு தடைதான்.

அதனால் முதலில் அளவு, பிறகு ஸ்லீவ். ஒரு சப்பாத்து நாடாவை எடுத்துக் கேபிள் போகப்போகும் வழியிலேயே வளைத்து வைத்து அளவெடுங்கள். வளைவில் வெளிப்பக்கம் வரும் வயருக்கு உட்பக்க வயரைவிடக் கொஞ்சம் கூடுதல் நீளம் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே அளவில் வெட்டினால் உள்வரிசை புடைத்துக்கொண்டு நிற்கும்.

பரந்தன்: அண்ணை, பழைய பவர் சப்ளை பழுதாகிவிட்டது. அதற்கென்று செய்வித்த ஸ்லீவ் கேபிள்கள் நல்லாக இருக்கின்றன. அதே கம்பனியின் புது மொடலில் பிளக் சரியாகப் பொருந்துகிறது. போடலாம்தானே?

போடாதீர்கள். வந்த கேள்விகளில் மிக முக்கியமானது இதுதான், அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

கேபிளின் ஒரு முனை மதர்போர்டுக்கு, ஹார்ட் டிஸ்க்குக்கு, கிராபிக்ஸ் கார்டுக்குப் போகிறது. அந்தப் பக்கத்தில் எந்தப் பின்னில் எத்தனை வோல்ட் என்பது பொதுவாக உலகம் முழுக்க ஒன்றுதான். மற்ற முனை, பவர் சப்ளையில் குத்துகிற முனை, எந்தப் பொது நியமத்துக்கும் கட்டுப்பட்டதல்ல. ஒவ்வொரு கம்பனியும் தனக்கு வசதியான ஒழுங்கில் வைக்கிறது. ஒரே கம்பனிக்குள்ளும் மாறும். கோர்செயாரை எடுத்தால் டைப் 3, டைப் 4 என்று இரண்டு வகைக் கேபிள் உண்டு, இரண்டின் 24 பின் கேபிளும் வேறு வேறு. ஆனால் பிளக்கின் உருவம் எல்லோரிடமும் கிட்டத்தட்ட ஒன்று. அதனால் தவறான கேபிளும் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும்.

பூட்டி சுவிட்சைப் போட்டால், 5 வோல்ட் போகவேண்டிய வயரில் 12 வோல்ட் போகலாம். முதலில் பலியாவது பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்கும் எஸ்எஸ்டியும். பவர் சப்ளையின் பாதுகாப்புச் சுற்று காப்பாற்றும் என்று நம்பவேண்டாம். தன்னிடமிருந்து வெளியேறும் 12 வோல்ட் சரியான 12 வோல்ட்தானா என்றுதான் அது பார்க்கும். அது எந்த வயரில் ஏறி எங்கே இறங்குகிறது என்பது அதற்குத் தெரியாது.

சரி, என்ன செய்யலாம்? புதுப் பவர் சப்ளையோடு வந்த கேபிளை எடுங்கள். மல்டிமீற்றரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில், பீப் சத்தம் வருகிற இடத்தில் வையுங்கள். போர்ட் பக்கம் 1ஆம் பின்னில் ஒரு கம்பியை வைத்து, மற்ற முனையில் எந்தெந்தப் பின்களில் சத்தம் வருகிறது என்று தேடி எழுதுங்கள். 24 பின்னுக்கும் இதைச் செய்து ஒரு அட்டவணை போடுங்கள். பல மொடல்களில் பவர் சப்ளை பக்கம் 18, 10 என்று இரண்டு பிளக் இருக்கும், மொத்தம் 28 பின். அதைப் பார்த்துக் குழம்பவேண்டாம். போர்ட் பக்கம் 20ஆம் பின் வெறுமையாக இருந்தாலும் அது பிழையல்ல, முன்பு மைனஸ் 5 வோல்ட் இருந்த இடம் அது. பிறகு உங்கள் பழைய ஸ்லீவ் கேபிளையும் அதேபோல அளந்து ஒப்பிடுங்கள். ஒரு பின் மாறியிருந்தாலும் பின்களைக் கழற்றி மாற்றிக் குத்தவேண்டியதுதான்.

வவுனியா: வயர் எது வாங்குவது? வீட்டு வயரிங்குக்கு வாங்கியதில் மிச்சம் இருக்கிறது.

அது வேண்டாம். லைற் லைனுக்கு இழுக்கும் 1/1.13 ஒற்றைக் கம்பி. சிறிய பெட்டியில் வளையாது. வயர் முனையில் டெர்மினல் என்ற சின்ன உலோகத் துண்டை நெரித்துப் பூட்டுவதுதான் கிரிம்ப், அதிலும் சரியாகப் பிடிபடாது. உங்களுக்கு வேண்டியது பல இழை கொண்ட செப்பு வயர், அமெரிக்க அளவில் 18 கேஜ், அதாவது சுமார் 0.8 சதுர மில்லிமீற்றர். கடையில் வெறுமனே '18 கேஜ்' என்று கேட்டால் பிரிட்டிஷ் அளவில் கொஞ்சம் தடித்ததைத் தருவார்கள், சதுர மில்லிமீற்றரில் கேட்பது நல்லது.

18 போதுமா என்று பலர் கேட்கிறார்கள். 8 பின் கிராபிக்ஸ் கேபிளின் வரம்பு 150 வாட். 12 வோல்ட்டால் பிரித்தால் 12.5 அம்பியர். மூன்று வயர் அதைப் பங்குபோடுகின்றன, ஒன்றுக்குச் சுமார் 4.2. முப்பது சென்ரிமீற்றர் 18 கேஜ் வயரின் தடை சுமார் 6 மில்லிஓம்தான், ஆகவே ஒரு வயரில் வீழ்வது 26 மில்லிவோல்ட் அளவு. கவலைப்பட ஒன்றும் இல்லை. 16 கேஜ் போட்டால் கேபிள் விறைக்கும், பெட்டி மூடி இறங்காது.

பார்க்கவேண்டியது வேறொன்று. அலுமினியத்துக்குச் செப்பு முலாம் பூசி 'கொப்பர் வயர்' என்று விற்கிறார்கள். அலுமினியம் மின்சாரத்தைக் கடத்துவது செம்பின் 60 சதவீதம் அளவுதான். ஒரு இழையைப் பிளேட்டால் சுரண்டுங்கள். வெளியே சிவப்பு, உள்ளே வெள்ளை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு என்றால் அது வெள்ளீயம் பூசிய நல்ல செம்பு.

முல்லைத்தீவு: இங்கே வலைக்கடைகளில் எல்லா நிறத்திலும் நைலோன் கயிறு கிடைக்கிறது. பரக்கோர்டுக்குப் பதிலாகப் பாவிக்கலாமா?

பரக்கோர்டு என்பது வெளியே பின்னிய உறை, உள்ளே தனியாக ஓடும் நார்கள். நாரை உருவி எடுத்தால் குழாய் போல உறை மிஞ்சும், வயரை அதற்குள் விடுகிறோம். வலைக்கடையில் கிடைப்பதில் பெரும்பகுதி முறுக்கிய கயிறு. அதற்கு உள் என்று ஒன்று இல்லை, பிரித்தால் இழை இழையாகப் போய்விடும். பின்னல் கயிறு ஏதாவது இருந்தால் ஒரு முழம் வாங்கி, நடு நார் உருவ வருகிறதா என்று பாருங்கள். வந்தால், உறை சுமார் 4 மில்லிமீற்றர் தடிப்பில் இருந்தால், தாராளமாகப் பாவிக்கலாம். உருண்டைச் சப்பாத்து நாடாவும் சிலதில் இப்படி வரும், ஆனால் பருத்தி நாடாவின் முனை நெருப்பில் உருகிப் பிடிக்காது.

கடற்கரையில் இருப்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். டெர்மினல்களைத் திறந்த பெட்டியில் விடாதீர்கள். உப்புக் காற்றில் கறுத்த டெர்மினலை எவ்வளவு நன்றாகக் கிரிம்ப் பண்ணினாலும் தொடுகை சரியாக இருக்காது. காற்றுப் புகாத பையில் வையுங்கள்.

மாங்குளம்: கிரிம்பர் விலை கூடவாக இருக்கிறது. குறட்டால் நெரித்து, மேலே சோல்டர் விட்டால் என்ன?

இந்த வேலையில் காசு போடவேண்டிய ஒரே இடம் கிரிம்பர்தான். ஸ்லீவ் மலிவாக இருக்கலாம், கிரிம்ப் மலிவாக இருக்கக்கூடாது.

டெர்மினலின் பின்பக்கத்தில் இரண்டு சோடிச் சிறகுகள் இருக்கும். முன் சோடி வெறும் செம்பைப் பிடிக்கும், பின் சோடி மேலுறையைப் பிடிக்கும். திறந்த சிறகு வகைக்கான கிரிம்பரின் வாயில் எம் எழுத்து வடிவில் ஒரு பள்ளம் இருக்கிறது. சிறகுகள் அதில் உருண்டு உள்நோக்கி மடிந்து இழைகளுக்குள் இறங்கும். குறடு சிறகைத் தட்டையாக்கும், மடிக்காது. இழைகள் இறுகாமல் நிற்கும். இறுகாத இடத்தில் தடை கூடும், தடை கூடிய இடம் சூடாகும், சூடு அந்தத் தொடுகையை இன்னும் கெடுக்கும்.

சோல்டர் இதற்குப் பரிகாரம் அல்ல. உருகிய ஈயம் இழைகளுக்குள் ஏறி, வயர் உறைக்குள் வரை போய் விறைத்துவிடும். சிறிய பெட்டியில் பிளக்கை விட்டு வெளியே வந்ததும் வளையவேண்டும், வளையும் அந்த இடத்தில்தான் முறியும். சிலவேளை சோல்டர் புடைத்து டெர்மினல் பிளக்குக்குள்ளேயே போகாது.

சுமார் 3 மில்லிமீற்றர் மட்டும் உரியுங்கள், ஒரு இழையும் அறக்கூடாது. கிரிம்ப் ஆனதும் டெர்மினலைப் பிடித்து வயரைக் கையால் பலமாக இழுங்கள். வருவதானால் இப்போதே வரட்டும். கொழும்புக்குப் போகிறவர்கள் இருந்தால் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு எலெக்ட்ரோனிக்ஸ் கடைகளில் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு கிரிம்பர் வாங்கினாலும் போதும், தினமும் தேவைப்படுகிற சாமான் இல்லை அது.

புதுக்குடியிருப்பு: பழைய கேபிளைக் கழற்றியபோது ஒரு பின்னில் இரண்டு வயர் இருந்தது, ஒன்று மெல்லியது. அதை விட்டுவிடலாமா?

விடக்கூடாது. 24 பின்னில் 13ஆம் இடம், 3.3 வோல்ட் வருகிற இடம் அது. தடித்த வயர் மின்சாரம் கொண்டுபோகிறது. மெல்லியது போர்டில் எத்தனை வோல்ட் வந்து சேர்ந்தது என்று பவர் சப்ளைக்குத் திருப்பிச் சொல்கிறது. வழியில் குறைந்ததைப் பவர் சப்ளை அதைப் பார்த்துத்தான் ஈடுசெய்கிறது. சில மொடல்களில் 5, 12 வோல்ட்டுக்கும் உண்டு. இரண்டையும் ஒரே டெர்மினலில் சேர்த்துக் கிரிம்ப் பண்ணி, பிளக்கில் இருந்து ஓரிரு சென்ரிமீற்றர் தள்ளி ஸ்லீவைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

பின்னைக் கழற்றிய இன்னொருவர், திரும்பக் குத்தினால் பின் நழுவி வெளியே வருகிறது என்று கேட்டிருந்தார். டெர்மினலின் இரு பக்கமும் சின்ன முள் போல நிற்பவை கழற்றும்போது உள்ளே அமுங்கிவிடும். மெதுவாக வெளியே நிமிர்த்திவிட்டுக் குத்துங்கள், பூட்டுகிற சத்தம் கேட்கும்.

துணுக்காய்: அண்ணா, சிபியு கேபிளும் கிராபிக்ஸ் கேபிளும் 8 பின்தானே, ஒன்றையே இரண்டுக்கும் செய்யலாமா?

இல்லை தங்கச்சி. சிபியு பிளக்கில் பூட்டு இருக்கும் வரிசை 12 வோல்ட், கிராபிக்ஸ் பிளக்கில் பூட்டு இருக்கும் வரிசை எர்த். நேர்மாறு. பிளக்கின் சதுர, வளைவு ஓட்டைகள் வேறாக வைத்திருப்பதே இதனால்தான். பலவந்தமாக அமுக்கினால் நேரே ஷோர்ட்.

மல்லாவி: பரக்கோர்டா, பெட் ஸ்லீவா? ஹீட்ஷ்ரிங்க் கட்டாயமா?

சிறிய பெட்டிக்கு என் தெரிவு பரக்கோர்டு. மென்மையாக வளையும், வயரின் நிறம் வெளியே தெரியாது. பெட் ஸ்லீவ், அதாவது பிளாஸ்டிக் இழைப் பின்னல், விறைப்பு, பளபளப்பு, இழுத்து மாட்டவேண்டும். ஆனால் எங்கள் செம்மண் தூசு அதில் குறைவாக ஒட்டும், தூரிகையால் தட்டினால் போய்விடும். மழை வரும் மட்டும் தூசு பறக்கிற வீதியோர வீடென்றால் பெட் நல்லது.

ஹீட்ஷ்ரிங்க், அதாவது சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் குழாய், கட்டாயமில்லை. பரக்கோர்டு முனையைச் சுடரின் ஓரத்தில் காட்டி, மென்மையானதும் டெர்மினலின் பின்சிறகுக்கு மேல் சேர்த்து அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். கறுக்கவிட வேண்டாம்.

நெடுங்கேணி: பாவித்த ஒபிஸ் கணினி ஒன்று வாங்கினேன், சின்னப் பெட்டி. அதன் பவர் சப்ளை மொடியுலர் இல்லை. திறந்து உள்ளேயே புது வயர் ஒட்டலாமா?

திறக்கவேண்டாம். 230 வோல்ட்டில் ஓடும் பவர் சப்ளையின் உள் கப்பாசிற்றரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், பிளக்கைக் கழற்றிய பிறகும் சிறிது நேரம் இருக்கும். அதோடு இப்படியான ஒபிஸ் கணினிகள் பலவற்றில் பிளக்கே அந்தக் கம்பனிக்கு மட்டும் உரியது. வெளியே தெரியும் வயருக்கு, பிளக் பக்கப் பின்களை மட்டும் கழற்றி ஸ்லீவ் போடலாம்.

வவுனியா: புதுக் கிராபிக்ஸ் கார்டுகளின் 16 பின் கேபிளையும் இப்படியே செய்யலாமா?

அதை நான் செய்வதில்லை, உங்களையும் செய்யவேண்டாம் என்றே சொல்வேன். 600 வாட் என்பது 50 அம்பியர், ஆறு பின்களில் 8.3 வீதம். பழைய 8 பின்னில் 4.2தான், டெர்மினலும் பெரிது. இதில் டெர்மினல் சிறிது, சுமை இரட்டிப்பு, பிழைக்கு இடமே இல்லை. 2022இல் பெரிய கார்டுகளில் இந்தப் பிளக் உருகிய செய்திகள் வந்தன, அடுத்த ஆண்டே வடிவத்தைத் திருத்தினார்கள். பவர் சப்ளையோடு வந்ததையே போடுங்கள். கடைசிவரை குத்துங்கள், பிளக்கில் இருந்து 3.5 சென்ரிமீற்றருக்குள் வளைக்காதீர்கள்.

கிளிநொச்சி, தொழிற்பயிற்சி மாணவி: கேபிள் செய்து முடித்ததும் எப்படிச் சோதிப்பது? ஓடர் எடுத்துச் செய்ய நினைக்கிறேன்.

முதலில் மல்டிமீற்றரால் அட்டவணைப்படி எல்லாப் பின்னும். சத்தம் வரவேண்டிய இடம் மட்டுமல்ல, வரக்கூடாத பக்கத்துப் பின்னிலும் வைத்துப் பாருங்கள். பிறகு கேபிளைப் பவர் சப்ளையில் மட்டும் குத்துங்கள், கணினியில் ஒன்றும் வேண்டாம். போர்ட் பக்கம் 16ஆம் பின்னையும் 17ஆம் பின்னையும் ஒரு வயர்த் துண்டால் இணைத்தால் அது இயங்கும். அப்போது ஒவ்வொரு பின்னிலும் வோல்ட் அளக்கவேண்டும். 12 என்பது 11.4 முதல் 12.6 வரை இருக்கலாம், 5 என்பது 4.75 முதல் 5.25 வரை, 3.3 என்பது 3.14 முதல் 3.47 வரை. சிபியு கேபிளையும், டிஸ்க்குகளுக்குப் போகும் சாட்டா கேபிளையும் அதே நேரத்தில் அளந்துவிடுங்கள். எல்லாம் சரி என்றால் மட்டும் போர்டில் குத்துங்கள்.

ஓடர் எடுப்பதானால் மொடலின் பெயரைச் சொல்லக் கேட்டு வேலையைத் தொடங்கவேண்டாம். பவர் சப்ளையின் ஸ்ரிக்கரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், அதோடு வந்த கேபிளைக் கையில் வாங்குங்கள். நீங்கள் போட்ட அட்டவணையில் ஒரு பிரதியை வாடிக்கையாளருக்கும் கொடுங்கள், பிறகு பவர் சப்ளை மாற்றும்போது அவருக்கு உதவும். கேபிள் தொலைந்துவிட்டது, நினைவில் வைத்துச் செய்து தாருங்கள் என்று வருபவரிடம், பவர் சப்ளையையே கொண்டுவரச் சொல்லுங்கள். கொண்டுவர முடியாவிட்டால் அந்த ஓடரை எடுக்கவேண்டாம்.